சிண்டு தட்டருகே வந்துவிட்டுத் திரும்பிப் போவது ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனை சிண்டுவுக்கு 11 வயது. போன தீபாவளி சமயத்தில் 4.2 கிலோ இருந்தான். இப்போது 2.6 கிலோ. இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 3.8 என்று வந்தது. சிறுநீரக நோய், அதற்கான தனி உணவை மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதை அவன் தொடுவதே இல்லை. தட்டருகே ஓடி வருகிறான், மோந்து பார்க்கிறான், உதட்டை நக்கிக்கொண்டு போய்விடுகிறான். வேறு வழியில்லாமல் அதையே கரைத்து சிரிஞ்சில் மூன்று வேளையும் புகட்டினேன். இப்போது என்னைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறான். பாலும் தயிர் சாதமும் மட்டும் இரண்டு வாய் நக்குகிறான். கழுத்தில் குழாய் வைத்து உணவு கொடுக்கலாம் என்றார் மருத்துவர். எனக்கு மனம் வரவில்லை. பேரனுக்கு வாங்கிய பசி சிரப் வீட்டில் இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா? அவனை எப்படிச் சாப்பிட வைப்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான செய்தியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: தட்டருகே ஓடி வருகிறான், மோந்து பார்க்கிறான், உதட்டை நக்கிக்கொண்டு போய்விடுகிறான். பசியே இல்லாத பூனை தட்டருகே வராது. சிண்டுவுக்குப் பசிக்கிறது. உணவின் வாசனை மூக்கில் ஏறியதும் வயிற்றைப் புரட்டுகிறது. உதட்டை நக்குவதும், வெறும் வாயை விழுங்குவதும், எச்சில் ஊறி மோவாய் நனைவதும் பூனைக்குக் குமட்டலின் அடையாளங்கள். சில பூனைகள் மலத்தை மண் தள்ளி மூடுவதுபோலத் தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டும். அப்படிச் செய்கிறானா என்று கவனியுங்கள். அது அடமோ செல்லமோ அல்ல.

ஆகவே, அவனை எப்படிச் சாப்பிட வைப்பது என்று கேட்பதற்கு முன்னால், எது அவனைச் சாப்பிடவிடாமல் தடுக்கிறது என்று பார்த்துவிடுவோம். தடையை எடுக்காமல் வாய்க்குள் எதைத் திணித்தாலும் நிலைமை மோசமாகத்தான் ஆகும். சிரிஞ்சு விஷயத்தில் நடந்திருப்பது அதுதான்.

கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் இரத்தத்தில் 3.8 இருப்பது பூனைகளின் சிறுநீரக நோயில் மூன்றாம் நிலை (2.9 முதல் 5.0 வரை). சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகள் இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன. அவை மூளையில் வாந்தியைத் தூண்டும் இடத்தைத் தொடுகின்றன, வாய்க்குள் புண்ணையும் உண்டாக்குகின்றன. சிறுநீர் அதிகமாகப் போவதால் உடலில் நீர் வற்றுகிறது. நீர் வற்றினால் மலம் கட்டிக்கொள்ளும். மலம் கட்டிய பூனை சாப்பிடாது. நாட்கணக்கில் சாப்பிடாததால் பொட்டாசியம் குறையும். பொட்டாசியம் குறைந்தால் உடல் தளர்ந்து, பசி இன்னும் மங்கும். இரத்தசோகை சேர்ந்துகொண்டால் தட்டுவரை நடக்கவே தெம்பு இருக்காது. நம்பிக்கை தரும் செய்தி என்னவென்றால், சிறுநீரகத்தைப் பழையபடி ஆக்க முடியாவிட்டாலும் இந்தத் தடைகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு.

முதலில் வாயைப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் அவனை மடியில் வைத்து, மேலுதட்டைக் கட்டைவிரலால் மெல்ல உயர்த்துங்கள். வாயைப் பிளக்க வேண்டாம். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் இரத்தசோகை. விரலால் தொட்டுப் பாருங்கள், ஈரமாக வழுக்க வேண்டும். பிசுபிசுவென ஒட்டினால் நீர் வற்றியிருக்கிறது. மூச்சில் சிறுநீர் நெடி அடிக்கிறதா, நாக்கின் ஓரத்தில் புண் தெரிகிறதா என்று பாருங்கள். இந்த வயதில் சொத்தையும் ஈறு வீக்கமும்கூட இருக்கலாம். வாய் வலிக்கும் பூனை வேறு மாதிரி நடந்துகொள்ளும்: ஒரு வாய் கவ்வும், தலையைச் சாய்க்கும், துண்டைக் கீழே போட்டுவிட்டுச் சட்டென்று விலகும். கெட்டியான உணவை விட்டு நக்கக்கூடியதை மட்டும் தேடும். சிண்டு பாலையும் தயிர் சாதத்தையும் மட்டும் நக்குவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் வாயைக் காட்டாமல் திரும்பாதீர்கள்.

ஈறோ, காதின் உட்புறமோ, கண்ணின் வெள்ளையோ மஞ்சளாகத் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பூனை நாட்கணக்கில் பட்டினி கிடந்தால் உடல் தன் கொழுப்பையெல்லாம் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாமல் கொழுப்பு அங்கேயே படிந்துவிடும். நாய் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து எழுந்துவிடும். பூனைக்கு அது ஆகாது, குறிப்பாக முன்பு பருமனாக இருந்த பூனைக்கு. எந்தப் பூனையும் ஒரு முழு நாள் எதையும் தொடாவிட்டால் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். இரண்டு நாள் ஆனால் நேரில் போயாக வேண்டும். சிண்டு ஏற்கெனவே தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தவன். அவன் விஷயத்தில் ஒரு நாளே அதிகம்.

இனி சிரிஞ்சு. தயவுசெய்து இன்றே நிறுத்திவிடுங்கள். நீங்கள் அன்பினால்தான் செய்தீர்கள், அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் குமட்டல் இருக்கும்போது வாயில் வந்த உணவையே குமட்டலுக்குக் காரணம் என்று பூனை முடிவுகட்டிவிடும். அதன்பின் குமட்டல் நின்றாலும் அந்த உணவை மன்னிக்காது. நீங்கள் புகட்டியது சிறுநீரக நோய்க்கான உணவு என்பதால் இப்போதைக்கு அந்த உணவு அவனைப் பொறுத்தவரை கெட்டுப்போய்விட்டது. திமிறும் பூனைக்குப் புகட்டும்போது உணவு மூச்சுக்குழாயில் போய் நுரையீரல் சளிக்காய்ச்சலும் வரலாம். இவ்வளவுக்கும் மூன்று வேளையும் போராடி உள்ளே போவது ஒரு நாளைக்குத் தேவையானதில் கால் பங்குகூட இராது.

தேவையின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2.6 கிலோ எடையுள்ள பூனை சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 145 கலோரி வேண்டும். தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழிக்கறி 100 கிராமில் சுமார் 160 கலோரி இருக்கிறது. கடையில் விற்கும் 85 கிராம் ஈர உணவு பாக்கெட்டில் பெரும்பாலும் 60 முதல் 80 கலோரி. 100 மில்லி பசும்பாலில் 65 கலோரிதான், ஆனால் அதைக் குடித்தால் வயிறு நிரம்பிவிடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது, கழியும். ஏற்கெனவே நீர் வற்றியவனுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் தாங்காது. தயிர் சாதத்தில் பெரும்பகுதி மாவுச்சத்து. பூனை ஊன் தின்னவே பிறந்த உயிர். புரதம் போதாவிட்டால் தன் தசையையே எரிக்கும். சிண்டுவின் முதுகெலும்பும் தோள்பட்டையும் துருத்திக்கொண்டு தெரிந்தால் அது அதனால்தான். அவன் விரும்பி நக்கும் அந்த இரண்டு வாயைப் பிடுங்கச் சொல்லவில்லை. அதை உணவென்று கணக்கில் சேர்க்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மருத்துவர் சொன்னது சரியான வைத்தியம். பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரக உணவு நோயின் வேகத்தைத் தணிக்கும், ஆயுளைக் கூட்டும். ஆனால் அந்தப் பயன் அதைச் சாப்பிடுகிற பூனைக்குத்தான். தட்டில் மீந்த நல்ல உணவால் யாருக்கும் பயனில்லை. மெலிந்து கிடக்கும் பூனைக்கு முதல் வைத்தியம் கலோரி, எந்த உணவிலிருந்து வந்தாலும் சரி. இதை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்: "முதலில் எதையாவது சாப்பிட்டு எடை நிற்கட்டும், பிறகு சிறுநீரக உணவுக்கு மாற்றலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் சம்மதிப்பார்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து நன்றாகச் சாப்பிட்டபின், வேறு நிறுவனத்தின் சிறுநீரக உணவை ஒரு தேக்கரண்டி அளவில் கலக்கத் தொடங்கி, அவசரப்படாமல் மாதக் கணக்கில் மாற்றலாம்.

மருந்துக்கு வருவோம். குமட்டலை நிறுத்த மாரோபிடன்ட், ஒண்டான்செட்ரான் என்ற இரண்டு மருந்துகள் உண்டு. பசியைத் தூண்ட மிர்ட்டசபின். மனிதர்களுக்கு மனச்சோர்வுக்காகக் கொடுக்கும் மருந்துதான் இது, சிறுநீரக நோயுள்ள பூனைகளில் பசியைக் கூட்டுவதோடு வாந்தியையும் குறைக்கிறது. காது மடலின் உட்புறத்தில் தடவும் களிம்பாகவும் இது வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2018இல் அனுமதி பெற்றது. மாத்திரை என்றால் மனிதர்களுக்கான 15 மில்லிகிராம் மாத்திரையில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு பூனைக்கு ஒரு வேளை அளவு. சிறுநீரக நோய் இருந்தால் வழக்கமாக ஒரு நாள் விட்டு ஒரு நாள். அளவு கூடினால் பூனை ஓயாமல் கத்தும், நடுங்கும், நிலைகொள்ளாமல் அலையும். இவ்வளவு விவரமாக எழுதுவது மருத்துவரிடம் கேட்பதற்காகவே. மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிவிட வேண்டாம்.

பேரனின் சிரப் வேண்டாம். குழந்தைகளின் பசி சிரப்புகள் பலவற்றில் இருப்பது சிப்ரோஹெப்டடின். அதைப் பூனைக்கும் கொடுப்பதுண்டு. ஆனால் சிரப்பில் இனிப்பும் வேறு மருந்துகளும் சேர்ந்திருக்கும். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது, கசப்பு நன்றாகத் தெரியும், நுரை தள்ளித் துப்பிவிடும். அதைவிட முக்கியமானது, மருத்துவர் மிர்ட்டசபின் எழுதிக் கொடுத்தால் இது அதன் வேலையை முறித்துவிடும். உடம்பு சுடுகிறதே என்று பாரசிட்டமால் மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

தோலுக்கு அடியில் திரவம் ஏற்றுவதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றுமில்லை. இதுவரை செய்யவில்லை என்றால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். தோளுக்கு இடையில் தோலைக் கூடாரம்போல் உயர்த்தி, ஊசி வழியாக ஒரு முறைக்கு 75 முதல் 100 மில்லி வரை விடுவார்கள். பத்து நிமிட வேலை. கற்றுக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம், பலர் செய்கிறார்கள். நீர் ஏறிய மறுநாளே தானாக எழுந்து வந்து தின்ற பூனைகளைப் பார்த்திருக்கிறேன். பொட்டாசியம், பாஸ்பரஸ், இரத்த அணுக்கள், இரத்த அழுத்தம் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்பரஸ் கூடியிருந்தால் அதைக் கட்டுப்படுத்தும் மருந்தை உணவில் கலக்கச் சொல்வார்கள். அது உணவின் வாசனையை மாற்றிவிடும் என்பதால் அவன் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கும்வரை தள்ளிப்போடலாமா என்று கேளுங்கள். மலத்தொட்டியையும் கவனியுங்கள். கூழாங்கல் மாதிரி உருண்டை உருண்டையாக இருந்தாலோ, இரண்டு நாளாக ஒன்றுமே இல்லை என்றாலோ அதையும் சொல்லுங்கள்.

குமட்டல் மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் சமையலறை உதவிக்கு வரும். பூனை நாக்கால் சாப்பிடுவதைவிட மூக்கால் சாப்பிடுகிறது என்று சொல்லலாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உணவில் வாசனையே எழாது. கிண்ணத்தை வெந்நீரில் சற்று நேரம் வைத்து, புறங்கையில் தொட்டால் இளஞ்சூடாக, அப்போதுதான் பிடித்த எலியின் உடல் சூட்டில், அதாவது 38 டிகிரி செல்சியஸ் அளவில் கொடுங்கள். கோழியின் தொடைக்கறியை உப்பில்லாமல் வேகவைத்துப் பிய்த்து, வெந்த நீரையே ஒரு கரண்டி ஊற்றிப் பிசையுங்கள். வெங்காயமும் பூண்டும் எந்த வடிவிலும் சேரக்கூடாது, பூனையின் இரத்த அணுக்களை உடைத்துவிடும். ஆகையால் குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய துண்டும் ஆகாது. நெத்திலியோ மத்தியோ கிடைத்தால் வேகவைத்து முள் நீக்கிக் கொடுக்கலாம். பச்சையாக வேண்டாம், சில பச்சை மீன்களில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். கருவாட்டு வாசனைக்கு எந்தப் பூனையும் ஓடி வரும் என்பது உண்மை, ஆனால் சிண்டுவின் சிறுநீரகம் அந்த உப்பைத் தாங்காது. கட்டைவிரல் நுனி அளவு வெந்த கோழி ஈரலை மேலே உதிர்த்துவிட்டால் போதும், வாசனை தூக்கும். ஈரலையே உணவாக்கிவிடாதீர்கள்.

வெறும் கோழிக்கறி சில வாரங்களுக்கு மட்டும்தான். அதில் சுண்ணாம்புச்சத்து கிடையாது. டாரின் என்ற சத்து வேகும்போது நீரில் இறங்கிவிடும், அது குறைந்தால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். வெந்த நீரைக் கொட்டாமல் சேர்க்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். பக்கத்திலேயே இரண்டு மூன்று வகை ஈர உணவு பாக்கெட்டுகளை வாங்கி வைத்து, எதை நக்குகிறான் என்று பாருங்கள். கூழாக இருப்பதைச் சிலது விரும்பும், துண்டும் சாறுமாக இருப்பதைச் சிலது விரும்பும்.

தட்டு அகலமாக, தட்டையாக இருக்கட்டும், மீசை இடிக்கக்கூடாது. ஒரு தேக்கரண்டிக்கு மேல் வைக்காதீர்கள், குவியலைப் பார்த்தாலே குமட்டும் பூனைக்கு மூச்சு முட்டும். மலத்தொட்டிக்கு எட்டத்தில், அவன் ஒளியும் கட்டிலுக்கு அருகிலேயே வைத்துவிட்டு நீங்கள் எழுந்து போய்விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து "சாப்பிடுடா கண்ணா" என்று கெஞ்சுவது நமக்கு ஆறுதல், அவனுக்கு நெருக்கடி. அரை மணியில் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் ஈர உணவு சீக்கிரம் புளித்துவிடும், எறும்பும் வந்துவிடும். எறும்பு மொய்த்த தட்டைப் பூனை திரும்பிப் பார்க்காது. இரண்டு மணி நேரம் கழித்துப் புதிதாகச் சூடாக்கி வையுங்கள். இரவு படுக்கும் முன் ஒரு வேளை, விடியற்காலையில் ஒரு வேளை என்று வைப்பது நல்லது, பூனைக்குச் சுறுசுறுப்பு வரும் நேரம் அதுதான். பலநாள் பட்டினி கிடந்த உடலில் முதல் நாளே 145 கலோரியையும் ஏற்றக்கூடாது. இரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் திடீரென்று விழுந்து ஆபத்தாகும். முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, அடுத்த நாள் மூன்றில் இரண்டு, பிறகு முழு அளவு என்று ஏற்றுங்கள்.

இப்போது நீங்கள் தவிர்க்க நினைக்கும் குழாய். இதைப் பற்றிக் கொஞ்சம் மனம்விட்டுப் பேச விரும்புகிறேன். குழாய் என்றதும் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் மூக்கில் குழாயோடு படுத்திருக்கும் மனிதர் நம் கண்ணில் வந்து நிற்கிறார், இனி அவ்வளவுதான் என்று மனம் தளர்கிறது. பூனைக்குக் கழுத்தின் பக்கவாட்டிலிருந்து உணவுக்குழாயில் வைக்கும் குழாய் அப்படிப்பட்டதல்ல. குறைந்த நேர மயக்கத்தில் வைத்துவிடுவார்கள். கழுத்தைச் சுற்றி மெல்லிய கட்டு போடுவார்கள். பூனை அதோடு நடக்கும், குதிக்கும், மடியில் படுக்கும், விருப்பப்பட்டால் வாயாலும் சாப்பிடும். கரைத்த உணவை இளஞ்சூட்டில் மெதுவாக, பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்துச் செலுத்தினால் அவன் தூங்கிக்கொண்டே வாங்கிக்கொள்வான். நீரும் மாத்திரையும் அதே வழியாகப் போய்விடும். வாயைப் பிடித்துத் திறக்கும் வேலை முடிந்துபோகும், உங்களைக் கண்டு ஓடுவதும் நின்றுபோகும். வாரக் கணக்கில் வைத்திருக்கலாம், தேவையில்லாதபோது எடுத்துவிட்டால் துளை சில நாளில் தானே மூடிக்கொள்ளும். குழாய் போட்ட இடத்தைத் தினமும் பார்த்துச் சுத்தமாக வைப்பது ஒன்றுதான் உங்கள் பொறுப்பு. சிரிஞ்சோடு தினமும் மூன்று வேளை நடக்கும் போராட்டத்தைவிட இது எவ்வளவோ இரக்கமான வழி என்பது என் உறுதியான கருத்து. மருந்தும் திரவமும் கொடுத்து மூன்று நாளில் அவன் தேவையில் பாதியாவது தானாகச் சாப்பிடவில்லை என்றால் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் மயக்கம் கொடுக்கவே உடல் இடம் கொடுக்காமல் போகலாம்.

எடையை வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நேரத்தில் பாருங்கள். நாம் ஏறி நிற்கும் எடைக்கருவியில் 100 கிராம் வித்தியாசமே சரியாகத் தெரியாது. பச்சிளங்குழந்தைகளை நிறுக்கும் கருவியோ, ஐந்து கிலோ வரை தாங்கும் சமையலறைத் தராசில் ஒரு கூடையோ போதும். திரவம் ஏற்றுவதற்கு முன்னால் நிறுங்கள், ஏற்றிய 100 மில்லியும் 100 கிராமாகக் காட்டி ஏமாற்றிவிடும். முதல் இரண்டு வாரம் எடை குறையாமல் நின்றாலே வெற்றி. அதன்பின் வாரம் 30 முதல் 50 கிராம் கூடினால் நன்றாகப் போகிறது என்று பொருள். பழைய 4.2 கிலோவை அவன் எட்டாமலே போகலாம். மூன்றரைக் கிலோவில் தெம்பாக, ஜன்னலில் ஏறி வெயில் காய்கிற பூனையாக இருந்தால் போதுமானது.

இவ்வளவும் செய்து, குழாய் வழியாக முழு உணவும் போய், அப்போதும் கிரியாட்டினின் ஏறிக்கொண்டே இருந்தால், வாந்தி நிற்காவிட்டால், தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்வதையே விட்டுவிட்டால், அது உணவின் பிரச்சினையல்ல, நோய் முற்றிவிட்டதன் அறிகுறி. அப்போது வலியில்லாமல் விடைகொடுப்பது பற்றி மருத்துவரிடம் பேச நேரலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் சிண்டு இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. குமட்டலுக்கு அவனுக்கு இதுவரை யாரும் மருந்தே கொடுத்ததாகத் தெரியவில்லை. தட்டை நோக்கி ஓடி வருகிறவனுக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

நாளைக்கே உங்கள் மருத்துவரிடம் போங்கள். குழாய் வைக்கவோ இரத்த அழுத்தம் பார்க்கவோ அங்கே வசதியில்லை என்றால், தஞ்சாவூரை அடுத்த ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே போக உங்கள் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. பழைய இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். மூடிய கூடையில், அவன் படுக்கும் பழைய துணியைப் போட்டு, மேலே ஒரு துண்டால் மூடிக் கொண்டுபோங்கள். தட்டருகே அவன் நடந்துகொள்வதைக் கைபேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்து அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவமனை மேசையில் எந்தப் பூனையும் அதைச் செய்து காட்டாது.